சிங்கத்தின் கீழ்வரிசை

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியால் வெள்ளிக் காசைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார் பல்லக்கா. எண்ணிக்கை நாலில் நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் நாலில் நின்றது. காசை ஒரு பக்கமும் தலையை இன்னொரு பக்கமும் சாய்த்து மூன்றாம் முறை எண்ணினார். பிறகு, உடைந்த முன்பல்லைக் கையால் மறைத்தபடி எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார்: "ரெண்டு பல்லைக் காணோம், பாருங்க."

எனக்கு ஒன்றுதானே போயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களுது இல்ல. சிங்கத்தோடது."

அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகம் ஆனார். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டிய நீளமான அறை அவருடையது. முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் இவர் பொய்ப்பல் செய்வார். வயது ஐம்பத்து மூன்று. முழங்கை வரைக்கும் இளஞ்சிவப்பு மாவு. அது ஈறு செய்கிற மாவு. காதோரம் வெள்ளை. அது நரையா, அச்சு வார்க்கும் சாந்துப் பொடியா என்று அவரே கண்ணாடியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுவர் அலமாரியில் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசை வரிசையாக, பென்சிலால் பெயர் எழுதப்பட்டு, தெருவில் பாதிப் பேர் வாயைத் திறந்தபடி அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனிதர்களை அவர் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. "அதோ போறாரே, அவருக்குக் கீழ இடது பக்கம் தூக்கலா இருக்கும்" என்பார். பெயர் கேட்டால் தெரியாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் உலகப் போர் மூளப்போகிறது என்று சொன்னாலும் இவர் காதில் விழாது. "மேல் செட்டு. யாரோ அவசரத்துல செஞ்சிருக்காங்க, 'ச' வரல பாருங்க" என்பார்.

வெள்ளிக் காசுப் பழக்கம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஏதோ வேலைக்குக் கொஞ்சம் வெள்ளி தேவைப்பட்டு, கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவருக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் இருக்கும் நாணயக் கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் 'அவுன்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தன் எடையைக்கூட அவர் அவுன்ஸ் கணக்கில்தான் சொல்வார். அரசு நாணயச்சாலை ஆண்டுக்கொரு தடவை வெளியிடும் சுத்த வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து அவர் மேசையில் வைத்தார். சரியாக ஓர் அவுன்ஸ். ஒரு பக்கம் ஆண்டு, மறுபக்கம் கர்ஜிக்கும் சிங்கம். வெள்ளி விலை ஏறும், முதலீடு, பாதுகாப்பு என்றெல்லாம் அவுன்ஸ் பேசிக்கொண்டே போனார். இவர் கேட்கவில்லை. "வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தர் முன்னாடி நின்னா எட்டிப் பார்க்காம எப்படிங்க இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். எட்டிப் பார்த்தார். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல், அவற்றுக்கு நடுவில் ஆறு வெட்டுப்பல். கடுகில் பாதி அளவு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஈறிலிருந்து முளைத்து வந்த மாதிரி. "செதுக்கினவன் வேலை தெரிஞ்சவன்" என்று சொல்லிக் கையோடு வாங்கி வந்துவிட்டார். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு சிங்கம்.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். "எல்லார் வீட்டுலயும் தோடு வாங்குவாங்க, வளையல் வாங்குவாங்க. எங்க வீட்டுல சிங்கம் வாங்குவாங்க" என்று பேருந்து நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

காசுகளை வைக்க பல்லக்கா தனியாக எதுவும் வாங்கவில்லை. பல் செட் கொடுத்தனுப்பும் பிளாஸ்டிக் டப்பாக்களே போதும் என்றிருந்தார். இதனால் ஒருமுறை ஒரு வினை வந்தது. மேல் செட்டுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து திறந்து பார்த்து, அப்படியே எழுந்து வந்துவிட்டார். "ஏம்மா, இதை எந்தப் பக்கமா மாட்டணும்?"

பதினான்கு வருடச் சிங்கங்களும் அவருக்கு மனப்பாடம். எந்த ஆண்டில் பிடரி மயிர் ஓர் இழை குறைந்தது, எந்த ஆண்டு விளிம்பு உயரம் குறைந்து காசுகளை அடுக்கினால் ஆட ஆரம்பித்தன, எந்த ஆண்டிலிருந்து பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வர ஆரம்பித்தன, எல்லாம் சொல்வார். "கழுவினவங்க சரியா அலசல. எங்க வீட்டுப் பாத்திரத்துல இப்படி இருந்தா நானே திரும்பப் போட்டுடுவேன்." ஆனால் அதையெல்லாம் மன்னித்துவிட்டார். பல்லில் கைவைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பல் குறைந்ததைக் கண்ட அன்று சாயங்காலமே பதினைந்தாவது காசை எடுத்துக்கொண்டு அவுன்ஸிடம் போனார். எனக்கு வைத்த தற்காலிகப் பல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னையும் கூட்டிப் போனார். பேசிக்கொண்டே நடந்தால்தான் தெரியுமாம்.

அவுன்ஸ் தன் பெரிய கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "அக்கா, இத்தனை பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர்கூடப் பல்லைப் பத்திக் கேக்கல."

"அவங்க விலையைப் பார்த்திருப்பாங்க. நான் வாயைப் பார்த்தேன்."

"சிங்கத்துக்கு வயசாகுதில்ல, விழுந்திருக்கும்."

"விழுந்தா குழி இருக்கும். இது மழமழன்னு இருக்கு. யாரோ தேய்ச்சு விட்டுருக்காங்க. மயக்க ஊசிகூடப் போடாம."

மறுநாளே நாணயச்சாலைக்குக் கடிதம் எழுதினார். நாலு வரி. மூன்று வாரத்தில் அச்சடித்த பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் வீட்டில் பிரித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவுன்ஸின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆசையில் கடைக்கு எடுத்துப் போய், அங்கே நின்றிருந்த வாடிக்கையாளர்கள் முன்னிலையில், வானொலியில் வாசிப்பவர் மாதிரி உரக்கப் படித்தார்:

'நாணயத்தின் வடிவமைப்பில் இவ்வாண்டு எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. தங்களிடம் உள்ள நாணயம் ஐயத்துக்குரியதாயின், அதனை வாங்கிய இடத்தை அணுகவும்.'

முதல் வரியில் அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வரியில் சிரிப்பு நின்றது. ஓரமாக நின்று தபால்தலை புரட்டிக்கொண்டிருந்த வக்கீல் மெதுவாகத் திரும்பினார். அந்த வருடத்துக் காசில் இருபது வாங்கி வைத்திருந்தவர் அவர்.

"மாத்தலைன்னு மிண்ட்டே சொல்லுது. ஆனா இதுல மாறியிருக்கு. அப்போ இது எந்த மிண்ட்டுல அடிச்சது?" என்றார் வக்கீல்.

அவுன்ஸின் முகம் பல்லக்கா பார்க்க நினைத்த மாதிரிப் போகவில்லை. வேறு மாதிரிப் போயிற்று.

ஒரே வாரம். காலையில் பூங்காவில் நடக்கிறவர்கள், வங்கி வரிசையில் நிற்கிறவர்கள், சலூனில் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. நாணயக் கடையில் கள்ளக்காசு. ஆறு பேர் காசைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். கடிகாரக் கடைக்காரர் அவுன்ஸ் வாங்கித் தரும் டீக்கு வழக்கமாகச் சொல்லும் நன்றியைக்கூட நிறுத்திவிட்டார். அவுன்ஸ் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நேராகப் பல்லக்காவின் அறைக்கு வந்து, அலமாரித் தாடைகளுக்குக் கீழே நின்றார்.

"அக்கா, நீங்க விளையாட்டாத்தான் படிச்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா என் பொண்ணு ஸ்கூல்ல, உங்கப்பா கள்ளக்காசு விக்கிறாரான்னு கேட்டுட்டாங்களாம்."

பல்லக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "நான் போட்ட முடிச்சு. நான்தான் அவிழ்க்கணும்" என்றார்.

சனிக்கிழமை கடையில் எல்லோரையும் வரச் சொன்னார். மாவு நிறுக்கும் நுட்பமான தராசைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார் வீட்டுக்காரர். பழைய காசு ஒன்று, புதுக்காசு ஒன்று. எடை இரண்டும் ஒன்றே. காந்தம் இரண்டையும் சீண்டவில்லை. நூலில் கட்டித் தண்ணீரில் முக்கினால் வெள்ளிக்கு எவ்வளவு எடை குறைய வேண்டுமோ அவ்வளவுதான் இரண்டிலும் குறைந்தது. விரல் நுனியில் நிறுத்தித் தட்டினார். ஒரே மாதிரி மணியோசை, ஒரே மாதிரி நீண்டு அடங்கியது. கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வக்கீல் ஆட்டவில்லை.

"வெள்ளிங்கிறது நிரூபணம் ஆச்சு. அசல்ங்கிறது ஆகலையே. சுத்த வெள்ளியிலயே கள்ளக்காசு அடிக்க முடியாதா? நான் திங்கட்கிழமை புகார் குடுக்கத்தான் போறேன்." சொல்லும்போதே அவர் வாய்க்குள் 'கடக்' என்று ஒரு சத்தம்.

பல்லக்காவின் காது நிமிர்ந்தது. "சார், மேல் செட்டு ஆடுது. எத்தனை நாளா?"

"அதை விடும்மா, இப்போ விஷயம் என்னன்னா..." கடக்.

"நான் செஞ்ச செட்டு சபையில சத்தம் போடக் கூடாது சார். எனக்குத்தான் அவமானம். கழட்டுங்க, அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் என்றால் பல்லக்காவின் அறையில் அரை மணி நேரம். மேல் செட் அவர் கையில் இருந்தது. வக்கீல் முக்காலியில், கைக்குட்டையால் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். அவுன்ஸ் வாசலில். நான் ஜன்னலோரம். பல்லக்கா உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நிதானமாகத் தன் தரப்பை எடுத்து வைத்தார். அச்சு தேய்ந்தால் புது அச்சு செய்வார்கள். புது அச்சில் நுணுக்கம் போயிருக்கும். அதை நாணயச்சாலை வாயாலேயே சொல்ல வைக்கிறேன். அதுவரை புகார் வேண்டாம். வக்கீல் இடையில் இரண்டு முறை மறுக்கப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"ரெண்டு மாசம் டைம் குடுங்க சார். சரின்னா தலையை ஆட்டுங்க."

வக்கீல் தன் பல்லைப் பார்த்தார். பல்லக்கா அதை ஊதித் துடைத்து, மறுபடி விளக்கில் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமா என்பது போல யோசித்தார். வக்கீல் தலையை ஆட்டினார். பல் உடனே வாய்க்குப் போயிற்று.

"பல் இருந்திருந்தா அவர்தான் ஜெயிச்சிருப்பாரு. அவர் கேட்டது நியாயமான கேள்வி" என்று பிற்பாடு பல்லக்கா என்னிடம் ஒப்புக்கொண்டார்.

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு சிங்க மண்டையோடு இருக்கிறது. அதன் முன்னால் மண்டியிட்டு, கீழ்வரிசையை எண்ணி, ஆறுதான் என்று உறுதி செய்துகொண்டு, பல்லுக்குப் பல் இடைவெளியைக் குறித்தார். காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். பிறகு மெழுகு. காசில் நாலு மில்லிமீட்டர் இருக்கும் வாயை, சோப்புப் பெட்டி அளவுக்குப் பெரிதாக்கிச் செதுக்கினார். ஒன்றல்ல, இரண்டு தாடை. பழைய காசைப் பார்த்து ஒன்று, புதுக்காசைப் பார்த்து ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். "காசுக்கு எதுக்கு இத்தனை பல்லு? எலும்பா கடிக்கப் போகுது?" என்று கேட்டுக்கொண்டேதான் பிடித்தார். ஆனால் கை ஆடவில்லை. வளைவில் பேருந்தைத் திருப்புகிற கை.

சாந்தில் வார்த்து அனுப்பினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. மனிதருக்குச் செய்வதைப் போலவே வெள்ளைப் பல், இளஞ்சிவப்பு ஈறு, பாலீஷ், எல்லாம் போட்டார். மேசைமேல் இரண்டு சிங்கச் செட்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அன்றைக்குப் பல் பிடுங்க வந்த சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் சொன்னதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள்.

அஞ்சலகத்தில் பொட்டலத்தை வாங்கிய பெண், "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"சிங்கத்தோட பல் செட்டு."

"உடையற பொருளா?"

"சிங்கம் போட்டுக்கிட்டா உடையாது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'மருத்துவப் பொருள்' என்று எழுதிக்கொண்டார். கூடவே வைத்த கடிதம் இதுதான்: 'ஆறு பல் உள்ளது, முன்பு நீங்கள் செய்த சிங்கம். நாலு பல் உள்ளது, இப்போது நீங்கள் செய்த சிங்கம். மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எண்ணிப் பார்க்கவும். இங்கே ஒரு நல்ல மனிதரின் கடை பாதி மூடிக் கிடக்கிறது.'

ஒரு மாதம் போயிற்று. பதில் இல்லை. அவுன்ஸ் கடைக் கதவை இன்னும் ஒரு முழம் இறக்கினார். பல்லக்கா வேலை நடுவில் வாசலைப் பார்ப்பது அதிகமாயிற்று. ஒரு மூதாட்டிக்கு வலதுபுறப் பல்லை இடதுபுறம் வைத்துவிட்டு, முதல் முறையாக முழு செட்டையும் உடைத்து மறுபடி செய்தார். "அவங்க சும்மா இருந்துட்டா, நான் பேசினது பேசினதாவே நின்னுடும்" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

வக்கீலிடம் தவணை வாங்கிய ஐம்பத்து மூன்றாவது நாள் கனமான உறை வந்தது. இந்த முறை அவர் கடைக்கு எடுத்துப் போகவில்லை. அறையிலேயே, கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தார். அச்சுப் பிரிவின் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். பழைய தாய் அச்சு தேய்ந்ததால் இவ்வாண்டு கணினி உதவியோடு புதிய அச்சு உருவாக்கப்பட்டது; அதில் மிகச் சிறிய பகுதிகள் வழவழப்பாகிவிட்டன; கீழ்வரிசையில் இரண்டு வெட்டுப்பற்கள் மறைந்தது உண்மை; இவ்வாண்டு வெளியான நாணயங்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கும்; முந்தைய பதிலுக்கு வருந்துகிறோம். அடியில் பேனாவால் ஒரு வரி: 'பல் செட்டுகள் இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. பார்க்க வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். திருப்பி அனுப்பட்டுமா?'

படித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். சாந்துப் பொடி என்றார். அஞ்சலட்டையில் பதில் எழுதினார்: 'வேண்டாம். ஆறு பல் செட்டைச் சிங்கத்துக்கே மாட்டிவிடுங்கள்.'

அந்தக் கடிதம் சட்டம் போட்டு அவுன்ஸ் கடையில் தொங்குகிறது. கதவு முழுக்கத் திறந்தது. அதோடு நிற்கவில்லை. 'நாலு பல் சிங்கம்' என்று பெயர் வைத்து, தேடி வருகிறவர்கள் அதிகமாகி, அந்த வருடக் காசுக்குத் தனி மவுசு வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்த ஆறு பேரும் திரும்ப வாங்க வந்து தலையைச் சொறிந்தார்கள். வக்கீல் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இன்னும் பத்து கிடைக்குமா என்று கேட்டார். பல்லக்காவும் இன்னொன்று கேட்டார். அவுன்ஸ் கூச்சத்தோடு புது விலையைச் சொன்னார்.

"எனக்குமா?"

"உங்களுக்கு மட்டும் குறைச்சா மத்தவங்க கேப்பாங்கக்கா."

"உனக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு சொத்தை. அதுக்கு நீ எங்க வந்தாகணும்னு உனக்கே தெரியும்" என்றார் பல்லக்கா. பழைய விலைக்கே கிடைத்தது.

சென்ற மாதம் புது ஆண்டின் காசு வந்தது. பெட்டியைப் பிரிக்கவே கூடாது, அக்கா வந்துதான் பிரிக்கணும் என்று அவுன்ஸ் சொல்லிவிட்டார். கடையில் நின்று பார்க்க எனக்கும் அழைப்பு. வீட்டுக்காரர் சீருடையோடு, வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். வக்கீலும் இருந்தார், சத்தமில்லாத மேல் செட்டோடு. பல்லக்கா முகம் கழுவி, கையிலிருந்த மாவெல்லாம் தேய்த்துக் கழுவி, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருந்தார். முதல் காசை எடுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். எண்ண ஆரம்பிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

எண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு காசை மேசைமேல் வைத்து எங்கள் பக்கமாகத் தள்ளினார்.

பிடரி இழை இழையாக அருமையாக இருந்தது. மூக்கு, மீசைப் புள்ளிகள், காது மடலுக்குள் முடி, எதிலும் குறை சொல்ல முடியாது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. விளிம்புகூட உயர்ந்திருந்தது. ஆனால் சிங்கம் கர்ஜிக்கவில்லை. நேராகப் பார்த்தபடி, உதடுகளை இறுக்கி, வாயை மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா..." என்றார் அவுன்ஸ்.

"உன் கடுதாசியைப் பார்த்துட்டு வாயே திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

வக்கீல்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு கடை முழுக்கப் பரவி, சாவி வெட்டுகிறவர்கூட எட்டிப் பார்த்தார். பல்லக்கா சிரிக்கவில்லை. காசை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து இடது உள்ளங்கையில் கிடத்தினார். விளக்குக்கு நேராகக் கொஞ்சம் மல்லாத்தினார். அடம் பிடிக்கும் நோயாளியிடம் செய்கிற மாதிரி, சுண்டுவிரல் நுனியைச் சிங்கத்தின் தாடைக்குக் கீழே வைத்து, மெதுவாக அழுத்திக்கொண்டு, தானும் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார்: "ஆ..."